கை ஓய்ந்தால், கண் மங்கினால், உடம்பு விழுந்தால்: எழுதும் வழக்கத்தைத் திருத்த அறிகுறிவாரியான வழிமுறை

"விடியற்காலை எழுந்திரு, தினமும் ஆயிரம் சொல் எழுது" என்ற அறிவுரை ஒரு குறிப்பிட்ட உடம்பை வைத்துச் சொல்லப்பட்டது. காலையிலேயே விரல் மடங்கும், மூன்று மணி நேரம் நாற்காலியில் இருக்க முடியும், இன்றைய அசதி இன்றிரவுத் தூக்கத்தோடு போய்விடும் என்கிற உடம்பு அது. அந்த உடம்பு இல்லாதவர்கள் இந்த அட்டவணையைப் பிடித்துத் தொங்கி, முடியாமல் போனதும் எழுத்தையே விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியது அட்டவணையைத்தான்.

எழுதும் வேலையைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து வேலைகள் தெரியும்: யோசிப்பது, சொற்களாக்குவது, தாளிலோ திரையிலோ ஏற்றுவது, படித்துத் திருத்துவது, அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் உடம்பின் வேறு பகுதி உழைக்கிறது. பெரும்பாலும் ஒன்றிலோ இரண்டிலோதான் தடை இருக்கும்.

எதில் என்று கண்டுபிடிக்க, அடுத்து எழுத வேண்டிய பத்தியைக் கைபேசியின் ஒலிப்பதிவில் வாயால் சொல்லிப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் பிரச்சினை கையிலோ இருக்கையிலோ இருக்கிறது. சொல்லவே வரவில்லை என்றால் களைப்பு, வலி, மருந்து, தூக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சொல்ல வருகிறது, திருத்த உட்கார்ந்தால் ஓடவில்லை என்றால் கண்ணைப் பாருங்கள். பிறகு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

காலையில் விரல் மடங்கவில்லை

விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, அசைக்க அசைக்கத் தளர்ந்தால் அது முடக்குவாதம் போன்ற அழற்சி வகை. சிக்குன்குனியா வந்துபோன மூட்டுகளும் மாதக்கணக்கில் இப்படி நடந்துகொள்ளும். அரை மணிக்குள் தளர்ந்து, வேலை செய்யச் செய்ய வலி கூடி, மாலையில் உச்சத்துக்குப் போனால் அது பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்.

இரண்டுக்கும் அட்டவணை நேரெதிர். அழற்சி வகைக்காரர்கள் பத்து, பதினொரு மணிக்கு முன் விசைப்பலகையைத் தொடாமல் இருப்பது நல்லது. காலையை வாசிப்புக்கும் யோசனைக்கும் கொடுங்கள். தொடங்கும் முன் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைத்து, விரல்களை மெதுவாகப் பத்து முறை மடக்கி நீட்டுங்கள். தேய்மானக்காரர்கள் காலையிலேயே எழுதிவிட வேண்டும். இருபது நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் கைக்கு ஓய்வு. ஒருவர் அட்டவணையை இன்னொருவர் பின்பற்றுவதால்தான் "எல்லாம் செய்து பார்த்தேன், குறையவில்லை" என்ற புலம்பல் வருகிறது.

விரல் மரத்துப்போகிறது, எறும்பு ஊர்வது போலிருக்கிறது

எந்த விரல் என்பதுதான் கேள்வி. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி, அதிலும் இரவில் உதறி எழுப்புகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் முழங்கையைப் பாருங்கள்: மேசை விளிம்பில் ஊன்றுகிறீர்கள், அல்லது கைபேசியைப் பிடித்தபடி முழங்கையை நெடுநேரம் மடக்கி வைத்திருக்கிறீர்கள்.

நம் வீட்டு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். அது எழுதத் தோதானது, தட்டச்சுக்குப் பலருக்கு அதிகம். தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். மேசையைக் குறைக்க முடியாவிட்டால் நாற்காலியில் மெத்தை போட்டு உயர்த்தி, காலுக்குக் கீழே பலகையோ செங்கல்லோ வையுங்கள். முழங்கையும் விசைப்பலகையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விசைப்பலகையின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு வளைந்தேதான் இருக்கும்.

நாள் முழுவதும் மரத்தே இருப்பது, பொருட்கள் கையிலிருந்து விழுவது, கட்டைவிரல் அடியில் உள்ள சதை குழிவது ஆகியவை வழக்கத்தை மாற்றித் தீர்க்கக்கூடியவை அல்ல. தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போகவும்.

பேனா நழுவுகிறது, எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது

மெல்லிய பேனாவைப் பிடிக்க விரல்கள் இறுக மடங்க வேண்டும். ஏசி செப்புக் குழாய்க்கு மேல் சுற்றும் கறுப்பு நுரைக்குழாய் ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும். துளை பேனாவின் பருமனுக்கு இருப்பதாகப் பார்த்து எட்டு செ.மீ. வெட்டி மாட்டினால் பிடி பருத்துவிடும். பந்துமுனைப் பேனாவை விட ஜெல் பேனாவுக்கும் மைப்பேனாவுக்கும் அழுத்தம் குறைவாகப் போதும். பரீட்சை அட்டைக்கு அடியில் ஒரு பெட்டிக் கோப்பை வைத்தால் சரிவு மேசை தயார். கழுத்தும் குனியாது.

வரி தொடங்கும்போது பெரிதாக இருந்த எழுத்து முடியும்போது கடுகளவாகிவிடுவது பார்க்கின்சன் நோயில் வரும். கோடு போட்ட தாள், அதிலும் இரட்டைக் கோட்டு நோட்டு, கைக்கு நினைவூட்டியாக வேலை செய்யும். அதற்கு லெவோடோபா மருந்து எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் மருந்து பிடிக்கும். மருந்து பிடித்திருக்கும் நேரத்தைத் தாளில் ஏற்றும் வேலைக்கு ஒதுக்கி, மற்ற நேரத்தில் வாசிக்கலாம், வாயால் சொல்லிப் பதியலாம். எழுதுவதற்காக மருந்து வேளையைத் தாமாக நகர்த்த வேண்டாம்.

ஒரே விசை இரண்டு முறை விழுகிறது, அல்லது ஒரு கைதான் இருக்கிறது

தமிழில் எழுதுபவர்களுக்கென்றே உள்ள சில சிக்கல்கள் இங்கே வருவதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

தமிழ் ஒலியை ஆங்கில எழுத்துகளில் தட்டும் ஒலிபெயர்ப்பு முறையில் 'அம்மா' என்று எழுத ஐந்து விசை. தமிழ் எழுத்துகளுக்கே விசைகள் உள்ள தமிழ்99 முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு, நடுப்புள்ளி தானாக விழும். 'தங்கம்' என்பதற்குத் த, ங, க, ம, புள்ளி என்று ஐந்து. ஒலிபெயர்ப்பில் ஏழெட்டு ஆகும். ஒலிபெயர்ப்பு வகையான அஞ்சல் முறையில் ண, ள, ற எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். தமிழ்99-இல் கிரந்த எழுத்துகளுக்கு மட்டும்தான். மூட்டு வலிக்காரருக்கு ஒரு பக்கத்தில் மிச்சமாகும் விசைகள் நூற்றுக்கணக்கில் போகும். புதிய விண்டோஸ், மேக், ஐஃபோன் எல்லாவற்றிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. பழக இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் முக்கியமான கட்டுரை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தமிழ்99-இல் உயிரெழுத்து இடக்கைக்கும் மெய் வலக்கைக்கும் என்று பிரித்திருப்பதால், ஒரு கையால் எழுதுபவர் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓட வேண்டியிருக்கும். எண்பலகை இல்லாத சிறிய விசைப்பலகையை வாங்கி, எழுதும் தோளுக்கு நேரே வைத்துக்கொண்டால் ஓட்டம் குறையும். ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து அழுத்தினால் விண்டோஸில் ஒட்டும் விசைகள் (ஸ்டிக்கி கீஸ்) வசதியை இயக்கவா என்று கேட்கும். இயக்கிவிட்டால் ஷிஃப்ட்டை முதலில் தட்டிவிட்டு அடுத்த விசையைத் தனியாகத் தட்டலாம்.

நடுக்கம் உள்ளவர்களுக்கு வலது ஷிஃப்ட்டை எட்டு நொடி அழுத்திப் பிடித்தால் வடிகட்டும் விசைகள் (ஃபில்டர் கீஸ்) வசதி வரும். ஒரே விசை அடுத்தடுத்து விழுந்தால் இரண்டாவதைப் புறக்கணிக்கச் சொல்லலாம். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: தமிழ்99-இல் இரட்டை மெய்க்கு ஒரே விசையை இரண்டு முறை அழுத்த வேண்டும். புறக்கணிப்பு நேரத்தை அரை நொடி வைத்தால் 'அம்மா' 'அமா' ஆகிவிடும், 'பக்கம்' 'பகம்' ஆகிவிடும். தவறு உங்கள் விரலில் இல்லை. தானாகப் புள்ளி விழுவதை நம்பாமல் ம, புள்ளி, ம என்று நடுவில் புள்ளிக்குரிய எஃப் விசையைத் தட்டுங்கள். இரண்டு 'ம'வுக்கு நடுவில் வேறு விசை வந்துவிட்டதால் வடிகட்டி தடுக்காது. ஒரு விசை கூடினாலும் பிழைதிருத்தத்தில் அதைவிட அதிகம் மிச்சமாகும்.

பேசி எழுதினால் குப்பையாக விழுகிறது

கூகுள் டாக்ஸை குரோம் உலாவியில் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் அழுத்தினால் ஒலிவாங்கி வரும். மொழிப் பட்டியலில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனி உண்டு. உங்கள் பேச்சுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சை இந்தியத் தேர்வில் வைத்துவிட்டு, தமிழே எடுபடவில்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சொற்கள் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் மின்விசிறியைப் பாருங்கள். நேர் கீழே உட்கார்ந்தால் காற்று ஒலிவாங்கியில் அடிக்கும். மடிக்கணினியின் ஒலிவாங்கியை விட கம்பியுள்ள இயர்ஃபோனின் ஒலிவாங்கி மேல். அதை வாய்க்கு நேரே பிடிக்காமல் வாயோரத்துக்கு இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

நிறுத்தக்குறி வராதது உங்கள் குறையன்று. அங்கே தமிழுக்கு அந்த வசதி இல்லை. வழி இருக்கிறது: வாக்கியம் முடிந்ததும் 'முற்றுப்புள்ளி' என்றே சொல்லுங்கள். அது சொல்லாகவே விழும். முடித்தபின் கன்ட்ரோல், ஹெச் அழுத்தி, முன்னால் ஓர் இடைவெளியோடு சேர்த்து அந்தச் சொல்லைத் தேடி, புள்ளியாக மாற்றச் சொல்லுங்கள். சில நேரம் 'முற்று புள்ளி' என்று இரண்டாக விழும். அதற்கும் ஒருமுறை. 'புதுப்பத்தி' என்று சொல்லிவைத்து, பிறகு கோப்பை வேர்டில் திறந்து அதை ^ குறியும் சிறிய பி எழுத்தும் சேர்ந்த குறியீடாக மாற்றினால் பத்தி பிரிந்துவிடும்.

கதை எழுதுபவர்களுக்கு ஒன்று. விவரிப்பை எழுத்துத் தமிழில் சொன்னால் ஓரளவு ஒழுங்காக வரும். வட்டார வழக்கு உரையாடலைச் சொன்னால் பாதி வேறு சொல்லாகும். உரையாடல் வருமிடத்தில் 'உரையாடல் ஒன்று', 'உரையாடல் இரண்டு' என்று மட்டும் சொல்லிவிட்டு, கைக்குத் தெம்புள்ள நாளில் அவற்றை மட்டும் தட்டச்சு செய்யுங்கள். ல, ள, ழ மயக்கத்தையும் விட்டுப்போன ஒற்றையும் அன்றே திருத்தாதீர்கள். பேசும் நாள் வேறு, திருத்தும் நாள் வேறு. தொண்டையும் உறுப்புதான்: இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள்.

பக்கவாதத்தாலோ பெருமூளை வாதத்தாலோ பேச்சு குழறினால் இந்தக் கருவிகள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. அவற்றோடு மல்லுக்கட்டி நாளைக் கரைப்பதை விட, உங்கள் பேச்சுக்குப் பழகிய ஒருவரிடம் ஒலிப்பதிவைக் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொல்வது மேல்.

இன்று நன்றாக எழுதினேன், நாளை மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை

நாட்பட்ட களைப்பு நோயிலும் கோவிட்டுக்குப் பிந்திய நெடுநாள் பாதிப்பிலும் இது முக்கிய அறிகுறி. உழைப்புக்கும் விழுவதற்கும் நடுவில் 12 முதல் 48 மணி நேரம் இடைவெளி இருக்கும். அதனால் செவ்வாய்க்கிழமை செய்ததற்குப் புதன்கிழமையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். மூளை வேலையும் உழைப்புதான். நடக்காமல் படுத்தபடி எழுதினாலும் விழலாம்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை நிமிடம், உட்கார்ந்தா சாய்ந்தா, அன்று வேறு என்ன நடந்தது, உடம்புக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண். இப்படி இருக்கும்:

செவ்வாய். 50 நிமிடம், உட்கார்ந்து. தலைக்குக் குளியல், அத்தை வந்தார். 4.
புதன். எழுதவில்லை. 3.
வியாழன். எழுதவில்லை. 1.

வியாழக்கிழமையின் 1-க்குக் காரணம் செவ்வாய்க்கிழமை வரியில் இருக்கிறது. எழுத்து மட்டுமல்ல, தலைக்குக் குளியலும் விருந்தாளியும் அதில் சேர்த்தி. எழுதும் நாளில் தலைக்குக் குளிக்காமல், குளிக்கும் நாளில் எழுதாமல் இருப்பதே சிலருக்குப் பாதித் தீர்வு.

பிறகு, அடுத்த இரண்டு நாளும் மதிப்பெண் குறையாத நாட்களை மட்டும் எடுங்கள். அவற்றில் அதிகபட்ச நிமிடம் எவ்வளவோ அதில் பாதிதான் உங்கள் அளவு. நாற்பது என்றால் இருபது. அதையும் பத்துப் பத்தாகப் பிரித்து, நடுவில் கண்ணை மூடிப் படுங்கள். கைபேசியைப் பார்ப்பது ஓய்வில் சேராது. மணி அடித்ததும் வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

இந்த முறை உடைவது பெரும்பாலும் நல்ல நாளில்தான். இன்று தெம்பாக இருக்கிறதே, விட்டதைப் பிடித்துவிடலாம் என்று இரண்டு மணி நேரம் எழுதிவிட்டால் அந்த வாரம் போய்விடும். நல்ல நாளிலும் அதே இருபது நிமிடம்தான். மீதித் தெம்பை உடம்பு எடுத்துக்கொள்ளட்டும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நாட்பட்ட களைப்பு நோய்க்கு இப்படி நிர்ணயித்த அளவில் உழைப்பைக் கூட்டும் திட்டங்களைத் தரக்கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியே சொல்கிறது. மூன்று வாரம் நிலையாக இருந்தால் இரண்டு மூன்று நிமிடம் கூட்டிப் பார்க்கலாம். கூட்டாமலே இருந்தாலும் நாளுக்கு இருபது நிமிடத்தில் ஒரு நாவல் எழுத முடியும், ஆண்டுகள் கூடும், அவ்வளவுதான்.

வெயிலில் மோசமாவது வேறு கதை. மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் நோய் உள்ளவர்களுக்கு உடல் வெப்பம் சற்றே ஏறினாலும் பார்வையும் கைவலுவும் மங்கும், ஆறினால் திரும்பும். சித்திரை, வைகாசியில் எழுத்தை விடிகாலைக்கு மாற்றி, கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

சக்கர நாற்காலியில் மேசைக்கு அருகே போக முடியவில்லை, உட்கார்ந்தால் நேரம் தெரியவில்லை

முழங்கால் உள்ளே போக மேசைக்கு அடியில் ஏறத்தாழ 70 செ.மீ. வெற்றிடம் வேண்டும். பெரும்பாலும் இழுப்பறைதான் இடிக்கும், அதைக் கழற்றிவிடுங்கள். மடிக்கணினியை நேராக மடியில் வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத தொடையில் அதன் சூடு புண்ணாக்கிவிடும், தெரியவே தெரியாது. அடியில் பலகை வையுங்கள்.

எழுத்தில் மூழ்கும்போது மறப்பது உடம்பை அசைப்பதைத்தான். தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்கள் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து, ஒன்றிரண்டு நிமிடம் பிட்டத்தின் அழுத்தத்தை எடுக்க வேண்டும். கைபேசியில் மணி வையுங்கள். சிறுநீர் கழிக்கும் வேளைக்கு முன் எழுதத் தொடங்காதீர்கள். தண்டுவடத்தில் நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்புள்ளவருக்கு எழுதும்போது தலை வெடிப்பது போல வலித்து முகம் வியர்த்தால், அதை எழுத்துக் களைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். அடங்காவிட்டால் அவசர சிகிச்சை.

புள்ளி தெரியவில்லை, வரி தாவுகிறது

மெல்லிய எழுத்துருவில் முதலில் மறைவது புள்ளியும் கொம்பும்தான். நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் எழுத்துருவைத் தடித்த வடிவில், 20 புள்ளி அளவுக்கு மேல், ஒன்றரை வரி இடைவெளியோடு வையுங்கள். பெரிதாக்கினால் பக்கம் திரைக்கு வெளியே ஓடுகிறதென்றால் வேர்டில் இணையத் தளவமைப்புக் காட்சிக்கு (வெப் லேஅவுட்) மாறுங்கள், வரி திரைக்குள் மடங்கும். சன்னலுக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள்.

திரைவாசிப்பான் தமிழைப் படிக்கவில்லை

திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள் தமிழை மௌனமாகத் தாண்டிப் போனால் தமிழ்க் குரல் இல்லை என்று பொருள். விண்டோஸ் அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, அதன் பேச்சு வசதியையும் இறக்கினால் 'வள்ளுவர்' என்ற குரல் வரும். இலவசத் திரைவாசிப்பானான என்விடிஏவில் இன்சர்ட், கன்ட்ரோல், எஸ் அழுத்தி ஒன்கோர் குரல்களுக்கு மாறி, அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மௌனமாக இல்லாமல் ஆங்கிலத்தில் உளறினால் கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டுப் படியுங்கள். மெய்ப்பு பார்க்கக் கோப்பு அனுப்பும் பதிப்பகத்திடம் யூனிகோடிலேயே கேட்டுப் பெறுவது எழுத்தாளரின் உரிமை, சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். காதால் கேட்கும்போது ன, ண வேறுபாடு நழுவும். ஐயமுள்ள சொல்லில் அம்பு விசையால் எழுத்தெழுத்தாகப் போங்கள்.

எங்கே விட்டோம் என்று நினைவில்லை

வலி மாத்திரையும் தூக்கமின்மையும் செய்யும் வேலை இது. நிறுத்தும்போது கோப்பின் தலையில் மூன்று வரி எழுதுங்கள், அல்லது குரலில் பதியுங்கள்: எதுவரை வந்தது, அடுத்து என்ன, எது நிச்சயமில்லை. "மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்து கிணற்றடிப் பேச்சு. அக்காவின் வயது முதல் பகுதியோடு ஒத்துப்போகிறதா பார்க்க." இந்த மூன்று வரிக்குக் கடைசி இரண்டு நிமிடத்தை ஒதுக்குங்கள். ஒரு படைப்புக்கு ஒரு கோப்பு மட்டும் இருக்கட்டும்.

தட்டச்சு செய்பவர் என் நடையை மாற்றிவிடுகிறார்

அன்பால்தான் செய்கிறார்கள். 'வந்திட்டுது' என்று நீங்கள் சொன்னால் 'வந்துவிட்டது' என்று அடிப்பார்கள். முதல் நாளே பேசிவிடுங்கள்: கேட்டபடி அடிக்க வேண்டும், ஐயமிருந்தால் சிவப்பில் காட்ட வேண்டும், ஒவ்வொரு பத்தி முடிவிலும் வாசித்துக் காட்ட வேண்டும். வீட்டாரே உதவினால் நேரத்தை முன்கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பில் வேலை இருப்பவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் இருவருக்கும் எரிச்சல்தான் மிஞ்சும். வெளியாள் என்றால் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுங்கள்.

கெடு தேதி தவறிக்கொண்டே போகிறது

மேலே சொன்ன நோட்டில் எத்தனை சொல் எழுதினீர்கள் என்பதையும் குறித்துவந்தால் உங்கள் வேகம் தெரியும். வாரத்துக்கு 600 சொல் என்றால், 1,800 சொல் கட்டுரைக்கு எழுத மூன்று வாரம், திருத்த ஒன்று, விழும் நாட்களுக்கு இரண்டு. ஆறு வாரம் கேளுங்கள். நோயை விவரிக்கத் தேவையில்லை. இவ்வளவு போதும்:

"அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம். கட்டுரை எழுத ஒப்புக்கொள்கிறேன். உடல்நிலை காரணமாக எனக்கு ஆறு வாரம் தேவைப்படும். மூன்றாம் வார இறுதியில் முதல் பாதியை அனுப்பிவைக்கிறேன். திருத்தங்களைத் தொலைபேசியில் சொல்லாமல் மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும்."

முதல் பாதியை முன்பே அனுப்புவதால், கடைசி வாரத்தில் உடம்பு விழுந்தாலும் ஆசிரியர் கையில் ஏதோ ஒன்று இருக்கும். ஆறு வாரம் தர முடியாது என்று பதில் வந்தால் 900 சொல்லில் தரலாமா என்று கேளுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் அந்தக் கட்டுரையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.